ஃபிராங்க்ளின் பாட்டைப் பிள்ளைக்குப் படிப்பது

கனடாவின் ஸ்டான் ராஜர்ஸ் பாடிய 'நார்த்வெஸ்ட் பாசேஜ்' (வடமேற்குப் பாதை) பாட்டில் வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. சரணங்களை அவர் தனியாகப் பாடுகிறார். பல்லவி வரும்போது இன்னும் சில குரல்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன. அவ்வளவுதான் அதன் இசை. ஆனால் கனடாவில் நாலு பேர் உட்கார்ந்து பாடும் இடத்தில் யாராவது அந்தப் பல்லவியை எடுத்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குச் சரணம் தெரியாது, பல்லவி தெரியும். இந்த நாட்டின் இன்னொரு தேசிய கீதம் என்றே இதைப் பலர் சொல்கிறார்கள். எழுதியவர் யார், எந்த வருடம் வந்தது (1981) என்பதெல்லாம் தெரிந்திருந்தும் அதை நாட்டுப்பாட்டாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டில் ஒரு மனிதன் காரை ஓட்டிக்கொண்டு கனடாவின் சமவெளிகளைக் கடந்து மேற்குக் கடலை நோக்கிப் போகிறான். ஊர்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தத் தனிமையில், தனக்கு முன் அதே நிலத்தைக் கடந்தவர்களை அவன் நினைத்துப் பார்க்கிறான். தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனிக்காக 1690இல் உள்நாட்டுக்குள் நடந்த ஹென்றி கெல்சி பாட்டில் 'கெல்சோ' என்று வருகிறார். 1793இல் பசிபிக் கரையைத் தொட்ட அலெக்ஸாண்டர் மெக்கன்சியும் நில அளவைக்காரர் டேவிட் தாம்சனும் வருகிறார்கள். 1808இல் தன் பெயரையே பிற்பாடு பெற்ற ஆற்றில் இறங்கிப் போன சைமன் ஃபிரேசர் அந்த ஆற்றின் பெயராக மட்டும் வருகிறார். இவர்கள் நிலத்தில் நடந்தவர்கள். பல்லவியில் பாட்டு வடக்கே திரும்பிவிடுகிறது. அங்கே, வடமேற்குப் பாதையைத் தேடிப் போய்த் திரும்பாத ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஃபிராங்க்ளினின் கை, ஆர்க்டிக்கின் போஃபர்ட் கடலை நோக்கி நீண்டுகொண்டே இருக்கிறது. கை நீள்கிறது என்றுதான் பாட்டு சொல்கிறது. எட்டியது என்று எங்கும் சொல்லவில்லை.

ராஜர்ஸ் 1949இல் ஒண்டாரியோ மாநிலத்தின் ஹாமில்டனில் பிறந்தவர். தாய்வழிச் சொந்தங்கள் நோவா ஸ்கோஷியாவின் கடலோரத்தில் இருந்தார்கள். கோடை விடுமுறைகளை அங்கே கழித்த பையன் பிற்பாடு மீனவர்களையும் மாலுமிகளையும் பற்றி நிறையப் பாடினான். 1983 ஜூன் 2ஆம் தேதி, டெக்சாஸில் ஒரு நாட்டுப்பாடல் விழாவை முடித்துக்கொண்டு ஏர் கனடா 797 விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கழிப்பறைப் பகுதியில் புகை கிளம்பியது. விமானம் சின்சினாட்டி விமான நிலையத்தில் அவசரமாக இறங்கிவிட்டது. ஆனால் கதவுகளைத் திறந்து சிறிது நேரத்தில் உள்ளே தீ ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. விமானத்தில் இருந்த 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. அவர்களில் ராஜர்ஸும் ஒருவர். வயது 33. இன்றைக்கு விமானத்தின் நடைபாதைத் தரையில் வரிசையாக எரிகிற விளக்குகளும் கழிப்பறையில் இருக்கிற புகை உணர்வியும் கட்டாயமானதற்கு அந்த விபத்துதான் முக்கியக் காரணம். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் என் கண் அந்தத் தரைவிளக்கைத் தேடும்.

அவர் இறந்து 30 வருடம் கழித்து, 2013இல், அந்தப் பாட்டு ஒரு படப்புத்தகமாக வந்தது. டொரோண்டோவின் கிரவுண்ட்வுட் பதிப்பகம் வெளியிட்டது. படங்கள் மாட் ஜேம்ஸ். ஓவியரான அவர் இசைக்காரரும்கூட. அந்த ஆண்டின் கவர்னர் ஜெனரல் விருது, சிறுவர் நூல் ஓவியத்துக்கான பிரிவில், இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது.

பாட்டைப் படப்புத்தகமாக்குவது எளிது என்று முன்பு நினைத்திருந்தேன். வரிகள் தயாராக இருக்கின்றன, வரிக்கு ஒரு படம் போட்டால் போதும் என்று. என் மகளுக்கு ஆறு வயதில் நூலகத்திலிருந்து இதை எடுத்துவந்து படித்தபோதுதான் எவ்வளவு சிக்கலான வேலை என்று தெரிந்தது. ராஜர்ஸின் பாட்டு, கதை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியது. ஃபிராங்க்ளின் யார், எதற்குப் போனார், என்ன ஆனார் என்று அதில் ஒரு வரி கிடையாது. எலும்புகள் வருகின்றன, மறந்துபோன ஒரு கற்குவியல் வருகிறது. யார் எலும்பு, யார் அடுக்கிய கல் என்று பிள்ளை கேட்கும். மாட் ஜேம்ஸ் இதை நேராகவே எதிர்கொண்டிருக்கிறார். பாட்டு வரிகள் ஒரு பக்கம் ஓட, ஃபிராங்க்ளின் பயணத்தின் கதையைத் தன் சொந்த உரைநடையில் இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறார். அதனால் இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது பாடவும் வேண்டும், நிறுத்திக் கதை சொல்லவும் வேண்டும். ஒரு சரணம் பாடி, நிறுத்தி, கப்பல் எங்கே போயிற்று என்று சொல்லி, மறுபடி பல்லவிக்கு வர வேண்டும். நம் கதாகாலட்சேபக்காரர்கள் செய்வது இதைத்தான். எனக்கு அந்த முறை சட்டென்று பிடித்துப்போனது.

அவருடைய தூரிகை அடக்கமானதல்ல. வண்ணம் தடிமனாக, கோடுகள் சற்றுக் கோணலாக, குழந்தை வரைந்ததற்கும் தேர்ந்த ஓவியன் வரைந்ததற்கும் நடுவில் நிற்கும். வீரர்களை அழகாக நிமிர்த்தி நிறுத்தும் பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் உறுத்தலாம். என் மகளுக்கு உறுத்தவில்லை. வழுவழுப்பான படமாக இருந்திருந்தால் இந்தக் கதை ஒரு வீரகாவியமாக மாறியிருக்கும். இது வீரகாவியம் கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வட அமெரிக்காவின் தலைக்கு மேலே, பனிக்கடல் வழியாக, ஒரு குறுக்குப்பாதை இருக்கும் என்று இங்கிலாந்து முந்நூறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று 1845 மே 19ஆம் தேதி கிரீன்ஹித்திலிருந்து இரண்டு கப்பல்கள் கிளம்பின. எரிபஸ், டெரர். தலைவர் சர் ஜான் ஃபிராங்க்ளின், வயது 59. அவருக்கு ஆர்க்டிக் புதிதல்ல. 1819 முதல் 1822 வரை நிலவழியாகப் போன பயணத்தில் அவருடைய கூட்டத்தில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். பாறையில் படர்ந்த பாசியையும் செருப்புத் தோலையும் தின்று மீதிப் பேர் பிழைத்தார்கள். 'பூட்ஸைத் தின்ற மனுஷன்' என்றே ஊர் அவரை அழைத்தது. என் மகளுக்கு அவரைப் பிடித்துப்போனது இந்தப் பெயரால்தான்.

இந்த முறை அப்படி ஆகாது என்று எல்லோரும் நினைத்தார்கள். கப்பலின் முகப்பை இரும்புத் தகட்டால் போர்த்தியிருந்தார்கள். உள்ளே நீராவி எஞ்சின் வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கான உணவு, ஆயிரக்கணக்கான தகரடப்பாக்களில் அடைத்த இறைச்சியும் சூப்பும். இரண்டு கப்பலிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் புத்தகங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஐம்பது ராகம் வாசிக்கிற இசைப்பெட்டி, கப்பலுக்கு ஒன்று. நெப்டியூன் என்று ஒரு நாய். ஜாக்கோ என்று ஒரு குரங்கு, ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் கொடுத்தனுப்பியது. கிரீன்லாந்திலிருந்து ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு 129 பேர் மேலே போனார்கள். ஜூலை கடைசியில் பாஃபின் விரிகுடாவில் திமிங்கிலம் பிடிக்கப் போன இரண்டு கப்பல்கள் அவர்களைப் பார்த்தன. அதற்கப்புறம் எந்த ஐரோப்பியக் கண்ணும் அவர்களை உயிரோடு பார்க்கவில்லை.

முதல் குளிர்காலத்தை பீச்சி தீவில் கழித்தார்கள். அங்கே மூன்று கல்லறைகள் இருக்கின்றன. முதலில் இறந்தவன் ஜான் டாரிங்டன், 20 வயது, 1846 ஜனவரி 1ஆம் தேதி. 1984இல் ஓவன் பீட்டி என்ற மானிடவியலாளர் அந்தக் கல்லறையைத் திறந்தபோது, நிலத்தின் உறைபனி அவன் முகத்தை அப்படியே வைத்திருந்தது. அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்பது என் கட்சி. பெரியவர்களும் ஒருமுறை பார்த்தால் போதும்.

1846 கோடையில் கப்பல்கள் தெற்கே இறங்கி, செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்கு வடமேற்கே பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டன. அடுத்த கோடையில் பனி உருகி விட்டுவிடும் என்று காத்திருந்தார்கள். விடவில்லை. என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவது ஒரே ஒரு காகிதத்திலிருந்து. அவர்களைத் தேடிப் போன வில்லியம் ஹாப்சன் 1859இல் ஒரு கற்குவியலுக்குள் அதைக் கண்டெடுத்தார். கடற்படையின் அச்சடித்த படிவம் அது. நடுவில் 1847 மே 28 தேதியிட்ட குறிப்பு: எல்லோரும் நலம். ஓரங்களில், காகிதத்தைச் சுற்றிச் சுற்றி, பதினொரு மாதம் கழித்து எழுதிய குறிப்பு: ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று இறந்துவிட்டார், இதுவரை 9 அதிகாரிகளும் 15 பேரும் போய்விட்டார்கள், 1848 ஏப்ரல் 22 அன்று கப்பல்களைக் கைவிட்டோம், மீதி 105 பேரும் டெரரின் கேப்டன் குரோசியர் தலைமையில் நாளை தெற்கே பேக் ஆற்றை நோக்கி நடக்கிறோம். குரங்கைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மகள் அதைத்தான் முதலில் கேட்டாள்.

அந்த 105 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் இழுத்துப்போன படகு ஒன்று, சறுக்குவண்டியின் மேல் வைத்தபடி, தீவின் கரையோரமாகக் கிடைத்தது. இரண்டு எலும்புக்கூடுகள். பட்டுக் கைக்குட்டைகள், சோப்பு, பல்துலக்கி, செருப்பு, புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகள். தின்ன என்று இருந்தது கொஞ்சம் தேயிலையும் சாக்லேட்டும் மட்டும். பட்டினி கிடக்கிறவர்கள் ஏன் கரண்டியைச் சுமந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தகரடப்பாவின் ஈயம் மூளையைக் குழப்பிவிட்டது என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை அவ்வளவாக ஏற்கவில்லை. குளிர், பசி, நோய், பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் இருக்கும்.

இந்த இடத்தில் என் மகள் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே. "அம்மா, அங்க வேற யாருமே இல்லையா?"

இருந்தார்கள். அந்தக் கரையெல்லாம் ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் வாழ்ந்த இடம். கிங் வில்லியம் தீவைச் சுற்றி நெட்சிலிக் இனுயிட் சீல் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். கப்பல்களைப் பார்த்தார்கள். வண்டி இழுத்துப்போன வெள்ளைக்காரர்களை வழியில் சந்தித்தார்கள், சீல் இறைச்சி கொடுத்தார்கள். பிற்பாடு உடல்களைப் பார்த்தார்கள். ஒரு கப்பல் தெற்கே மிதந்துவந்து, அடிலெய்ட் தீபகற்பத்துக்கு மேற்கே நின்றதைப் பார்த்தார்கள். உள்ளே ஏறிப் போனபோது பெரிய உடம்புக்காரன் ஒருவன் செத்துக் கிடந்தான் என்றும், பிற்பாடு கப்பல் மூழ்கியபோது பாய்மரத்தின் நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்றும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

ராஜர்ஸின் பாட்டில் இவர்கள் இல்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பாட்டு ஒரு தனி மனிதனின் மனசுக்குள் நடக்கும் பயணம், அதில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. ஆனால் அதைப் பிள்ளைக்குப் படித்துக்காட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று நினைக்கிறேன். பாடுகிறவர் விட்டதைப் படிக்கிறவர் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அது இன்னும் அவசியம். ஏனென்றால், இதே ஃபிராங்க்ளினைப் பற்றி நூற்றியெழுபது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்து பாடிய பாட்டுக்கும், இனுயிட் சொன்ன சேதிக்கும் என்ன மரியாதை கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

1850 வாக்கில் லண்டன் தெருக்களில் ஒற்றைத்தாளில் அச்சடித்த பாட்டுகள் விற்றார்கள். நம் குஜிலிக் கடைப் பாட்டுகள் மாதிரி, அன்றைக்கு ஊர் எதைப் பேசுகிறதோ அதற்கு உடனே ஒரு பாட்டு. அப்படி வந்ததுதான் 'லேடி ஃபிராங்க்ளினின் புலம்பல்'. ஒரு மாலுமி கப்பலில் தூங்கும்போது கனவு காண்கிறான். கனவில் ஜேன் ஃபிராங்க்ளின் வருகிறாள். என் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் யாராவது சொன்னால் பத்தாயிரம் பவுண்டு கொடுப்பேன் என்கிறாள். அந்த மெட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. பாப் டிலன் 1963இல் தன் பாட்டு ஒன்றுக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டார். ஊர் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதது.

1854இல் நிஜமாகவே ஒருவர் சேதியோடு வந்தார். ஜான் ரே, ஆர்க்னி தீவுக்காரர், ஹட்சன் விரிகுடா கம்பெனியின் மருத்துவர். மற்ற பிரிட்டிஷ்காரர்களைப் போல மூட்டை மூட்டையாகச் சுமந்துகொண்டு போகிறவரல்ல. பனிவீடு கட்டக் கற்றுக்கொண்டவர். வேட்டையாடித் தின்று, குறைந்த ஆட்களோடு வெகுதூரம் நடப்பவர். பெல்லி விரிகுடாப் பக்கம் அவர் சந்தித்த இனுயிட் சொன்னார்கள்: சுமார் நாற்பது வெள்ளையர்கள் படகை இழுத்துக்கொண்டு தெற்கே போனார்கள், பிற்பாடு அவர்களின் உடல்கள் கிடந்ததைப் பார்த்தவர்கள் எங்களிடம் சொன்னார்கள். சமையல் பாத்திரங்களில் இருந்ததை வைத்து, கடைசியில் அவர்கள் செத்தவர்களைத் தின்று உயிரை நீட்டிக்கப் பார்த்தார்கள் என்றும் சொன்னார்கள். ரே அவர்களிடமிருந்து வெள்ளிக் கரண்டிகளையும், ஃபிராங்க்ளினின் பெயர் பொறித்த ஒரு சிறு தட்டையும் விலைக்கு வாங்கி எடுத்துவந்தார். அரசுக்கு எழுதிய அறிக்கை பத்திரிகையில் வந்துவிட்டது.

ஊர் கொதித்தது. ஜேன் ஃபிராங்க்ளின் அதை ஏற்கவில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். ஆங்கிலக் கடற்படை வீரன் அப்படிச் செய்யவே மாட்டான், இனுயிட்டின் வாய்ச்சொல்லை நம்ப முடியாது, அவர்களே கொன்றிருக்கக்கூடும் என்பது அவருடைய வாதம். ஏழைப் பிள்ளைகளுக்காக அத்தனை கண்ணீர் விட்ட எழுத்தாளர் அவர். அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. ரேவுக்கு அரசு அறிவித்த பத்தாயிரம் பவுண்டு கிடைத்தது. ஆனால் மற்ற ஆர்க்டிக் தலைவர்களுக்குக் கிடைத்த சர் பட்டம் கிடைக்கவில்லை. ஃபிராங்க்ளினுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1875இலேயே நினைவுச்சின்னம் வைத்துவிட்டார்கள். ரேவுக்கு அதே ஆலயத்தில் ஒரு கல் பதித்தது 2014இல்.

இனுயிட் சொன்னதும் வாய்மொழி, தெருவில் விற்ற புலம்பலும் வாய்மொழியாகப் பரவியதுதான். கனவில் வந்த மனைவியை ஊர் நம்பியது, கண்ணால் பார்த்தவர்களிடமிருந்து வந்த சேதியை நம்பவில்லை. 1990களில் தீவுக்கரையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது கத்தியால் அறுத்த தடங்கள் இருந்தன. 2024இல் ஒரு தாடையெலும்பை மரபணுச் சோதனை செய்து அது எரிபஸின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று உறுதிசெய்தார்கள். அதிலும் அறுத்த தடம் இருந்தது. கற்குவியலில் இருந்த அந்தக் காகிதத்தின் ஓரத்தில் இரண்டாவது குறிப்பை எழுதிய கை அவருடையது.

இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லலாமா? ஆறு வயதில் நான் சொல்லவில்லை. உணவு தீர்ந்துபோனது, எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்பதோடு நிறுத்தினேன். ஒன்பது வயதில் சொன்னேன். பயந்துவிடுவாளோ என்று நான்தான் பயந்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டாக்டர் உண்மையைத்தானே சொன்னாரு, அப்புறம் ஏன் அவரைத் திட்டினாங்க?" என்றாள். தின்றது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பசித்தவர்கள் தின்றார்கள். உண்மை சொன்னவரைத் திட்டியதுதான் அவளுக்கு அநியாயமாகப் பட்டது. பழைய கதைகளில் அரக்கர்களும் ஓநாய்களும் மனிதரைத் தின்பதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு எதை மறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும்போது, பல நேரம் நாம் நம் கூச்சத்தைத்தான் காப்பாற்றிக்கொள்கிறோம்.

இனி, பாதை. அந்தப் பயணத்தின் தோல்விக்கு வரைபடத்திலேயே ஒரு காரணம் இருந்தது. ஃபிராங்க்ளினிடம் இருந்த வரைபடத்தில் கிங் வில்லியம் ஒரு தீவே இல்லை. கிழக்கே நிலத்தோடு ஒட்டியிருந்ததாக வரைந்திருந்தார்கள். அதனால் கிழக்குப் பக்கம் வழி கிடையாது என்று நினைத்து மேற்குப் பக்கம் போனார்கள். மேற்கில்தான் வடக்கிலிருந்து பல வருடத்துப் பழம்பனி ஆறு மாதிரி இறங்கி வந்து அடைத்துக்கொள்கிறது. கோடையிலும் அது லேசில் கரையாது. கிழக்குப் பக்கத்துக் கடல் ஆழம் குறைவு, ஆனால் கோடையில் திறக்கும். அந்தக் கிழக்கு நீரிணையைக் கண்டுபிடித்தவர் வேறு யாருமில்லை, ஜான் ரேதான். அதே 1854 பயணத்தில். இன்று அதற்கு ரே நீரிணை என்றே பெயர். சேதியைக் கொண்டுவந்ததற்காக வசை வாங்கிய அதே நடையில், முந்நூறு வருடமாகத் தேடிய பாதையின் விடுபட்ட கண்ணியையும் அவர் கண்டிருந்தார்.

1903இல் நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் ஆறு தோழர்களோடு 'யோவா' என்ற சிறிய மீன்பிடிக் கப்பலில் கிளம்பினார். ரே கண்ட கிழக்குப் பக்கம் வழியாகப் போனார். கிங் வில்லியம் தீவின் தென்கிழக்கில் ஒரு சிறிய இயற்கைத் துறைமுகத்தில் இரண்டு குளிர்காலம் தங்கினார். நெட்சிலிக் மக்களிடம் தோலாடை தைப்பதையும் அணிவதையும், நாய்வண்டி ஓட்டுவதையும், பனிவீடு கட்டுவதையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1906இல் பாதையை முழுதாகக் கடந்துவிட்டார். ஐந்து வருடம் கழித்து தென்துருவத்தை முதலில் அடைந்ததும் அவர்தான், நெட்சிலிக் மக்களிடம் கற்ற அதே வித்தையோடு. 129 பேரும் இரும்புத் தகடும் இசைப்பெட்டியும் செய்ய முடியாததை ஏழு பேர் செய்தார்கள் என்றால், அந்த ஏழு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அந்தத் துறைமுகம் இன்று யோவா ஹேவன் என்ற ஊர்.

அந்த ஊர்க்காரர்தான் லூயி கமூக்காக். ஆசிரியர். சின்ன வயதில் கொள்ளுப்பாட்டி சொன்ன கதையிலிருந்து தொடங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் ஃபிராங்க்ளினின் ஆட்களைப் பற்றிய நினைவுகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவர். எந்த இடத்தை முன்னோர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று வரைபடத்தில் குறித்துவைத்தார். 2014 செப்டம்பரில், நாட்டின் தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் பார்க்ஸ் கனடாவின் குழு எரிபஸைக் கண்டுபிடித்தபோது, அது சுமார் 11 மீட்டர் ஆழத்தில், அடிலெய்ட் தீபகற்பத்துக்கு மேற்கே, பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த அதே பகுதியில் இருந்தது. கமூக்காக் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. 2018இல் காலமானார்.

டெரர் கிடைத்த கதை இன்னும் நேரானது. யோவா ஹேவனைச் சேர்ந்த சாமி கோக்விக், அந்தக் கப்பல் கிடைப்பதற்குச் சில வருடங்களுக்கு முன் நண்பரோடு பனிவண்டியில் போகும்போது, கடல்பனிக்கு மேலே ஒரு மரக்கம்பம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அதோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். வீடு திரும்பிப் பார்த்தால் கேமராவைக் காணோம். அதை ஒரு கெட்ட சகுனமாக நினைத்து வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். 2016இல் தேடலுக்கு வந்த கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது அதைச் சொன்னார். அவர்கள் தங்கள் திட்டத்தை விட்டுவிட்டு அவர் காட்டிய விரிகுடாவுக்குத் திரும்பினார்கள். சுமார் 24 மீட்டர் ஆழத்தில் டெரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சன்னல் கண்ணாடிகள்கூடப் பெரும்பாலும் உடையவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் நம்பினார், கப்பல் கிடைத்தது.

புத்தகம் வந்தது 2013இல். எரிபஸ் கிடைப்பதற்கு ஒரு வருடம் முன்பு. மாட் ஜேம்ஸ் வரைந்துகொண்டிருந்தபோது இரண்டு கப்பலும் காணாமல் போனவைதான். ராஜர்ஸுக்கும் அப்படித்தான். பாட்டின் ஏக்கமே அந்தக் காணாமையில்தான் இருக்கிறது. கப்பல்கள் கிடைத்த பிறகு பாட்டு பழசாகிவிட்டதா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரில் போகிற மனிதன் தேடுவது கப்பலை அல்ல. முதலில் இந்த வழியே போனவர்களைப் போல நானும் அமைதியான வாழ்க்கையை விட்டுவிட்டு வந்தவன்தானே, அவர்களிடமிருந்து நான் எப்படி வேறு, கடைசியில் கண்டது வீடு திரும்பும் வழிதானே என்றுதான் கடைசிச் சரணத்தில் கேட்கிறான். அந்தக் கேள்வி, ஊரை விட்டு வந்து டொரோண்டோவில் பிள்ளை வளர்க்கும் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் புத்தகத்தின் உரைநடைப் பகுதி வேறு. அது வரலாறு, அது வளர வேண்டும்.

இன்னொரு படப்புத்தகம் வர வேண்டும் என்பது என் ஆசை. இனுயிட் ஓவியர் ஒருவர் வரைந்தது. கரையில் நின்று பார்க்கும் பிள்ளையின் கண்ணில் தொடங்குவது. மூழ்கிய கப்பல்களை 2018இல் பிரிட்டன் கனடாவிடம் ஒப்படைத்துவிட்டது. மேலே கொண்டுவரும் பொருட்களுக்கு இப்போது இனுயிட் மக்களும் சேர்ந்துதான் சொந்தக்காரர்கள். கோடையில் கடல் திறக்கும்போது யோவா ஹேவனிலிருந்து காவலர்கள் போய் அங்கே கூடாரம் போட்டுக் கப்பல் கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

அதுவரைக்கும், நூலகப் பிரதியில் எழுதக்கூடாது என்பதால், எங்களுக்கென்று ஒரு பிரதி வாங்கிவிட்டோம். கடைசி அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறோம்: 1854, ரே கேட்ட சேதி. 2014, எரிபஸ். 2016, டெரர். 2024, ஃபிட்ஸ்ஜேம்ஸ். மூன்றாவது வரியில் கப்பல் பெயருக்குப் பக்கத்தில் சாமி கோக்விக் பெயரை எழுதவில்லை என்று மகள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டாவது வரியில் கமூக்காக்கின் பெயரையும் அவளே சேர்த்துவிட்டாள். முதல் வரிக்கு, ரேவிடம் சேதி சொன்னவர்களின் பெயரைத் தேடி எழுத இடம் விட்டு வைத்திருக்கிறோம்.